கற்றுக்குட்டி ஓட்டுநரும் காப்பீட்டுக் கணக்கும்

(மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவன்)

கார் வாங்கப் புறப்படுவோர் விலையைக் கேட்கின்றனர். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கின்றனர். நிறத்தைக்கூட இரண்டு நாள் கூடிப் பேசித் தேர்ந்தெடுக்கின்றனர். அந்த வண்டிக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய காப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு, அக்கட்டணத்துக்கு ஈடாக வீட்டில் யார் யாருக்குக் காப்புக் கிடைக்கிறது என்னும் கேள்வி மட்டும் வண்டி வாசலுக்கு வந்து நின்ற பின்னரே எழுகிறது. புதிதாக ஓட்டக் கற்கும் இளம்பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்துவிட்டால் இக்கேள்வி மேலும் கனமாகிறது. வகுப்பறையில் ஈட்டுறுதிக் கோட்பாடு, மிக்க நன்னம்பிக்கைக் கோட்பாடு என்றெல்லாம் படித்துவிட்டுத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். அவற்றை வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அண்மையில் கிடைத்தது.

எங்கள் ஊர் ராஜபாளையத்தை அடுத்த சோழபுரம். என் தங்கைக்கு 18 வயது நிரம்பியது. அப்பத்தாவை அடிக்கடி மதுரைக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால் பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. அப்பாவிடம் ஓட்டுநர் உரிமம் உண்டு. தங்கை அதே வண்டியில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. 'காமர்ஸ் படிக்கிறவன்தானே, எந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் குறைச்சல் என்று கணக்குப் போட்டுச் சொல்லு' என்று அப்பா என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அந்தக் கணக்கே இக்கட்டுரை.

வயது கட்டணத்தைக் கூட்டுமா?

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முதலில் எழுந்த ஐயம் இதுதான்: பதினெட்டு வயதுப் பிள்ளை ஓட்டினால் பிரிமியம் ஏறிவிடாதா? வெளிநாட்டில் இருக்கும் உறவினர் சொல்லக் கேட்டதால் வந்த ஐயம் அது. அவர் சொன்னது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரியே. இங்கிலாந்தில் 17 வயதில் கார் ஓட்டலாம். ஆயினும் அங்கே காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது ஓட்டுபவரின் வயதையும் அனுபவத்தையும்தான். கார்களையும் 1 முதல் 50 வரை தொகுதிகளாகப் பிரித்துக் கட்டணம் வகுக்கும் முறை அங்கு நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. பிள்ளை ஓட்டும் வண்டியைத் தந்தை ஓட்டுவதாக எழுதிக் கொடுத்துக் கட்டணத்தைக் குறைக்கப் பார்ப்பது அங்கே மோசடிக் குற்றம். ஆண், பெண் என்று பார்த்துக் கட்டணம் வேறுபடுத்துவதும் ஐரோப்பாவில் வழக்கத்தில் இருந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பினால் அது 2012 டிசம்பர் 21 முதல் நின்றது.

நம் நாட்டு முறை வேறு. இங்கே பாலிசி வண்டியைப் பற்றி எழுதப்படுவது. ஓட்டுபவரைப் பற்றி அன்று. மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக்கு, அதாவது நாம் 'தேர்டு பார்ட்டி' என்று சொல்வதற்கு, மத்திய அரசே கட்டணம் அறிவிக்கிறது. அந்த அட்டவணையில் ஓட்டுபவரின் வயதுக்கு இடமே இல்லை. ஐம்பது வயது அப்பாவும் பதினெட்டு வயது மகளும் அதற்கு ஒன்றே. ஆகவே, இளம் ஓட்டுநருக்கென்று தனியே மலிவான காப்பீடு தேடி அலைய வேண்டியதில்லை. தேட வேண்டியது மலிவான காப்பீட்டுக்குப் பொருந்தும் வண்டியை. ஆனால் வயதைக் கட்டணத்தில் கேட்காத அதே சட்டம் அதை வேறோர் இடத்தில் மிகக் கடுமையாகக் கேட்கிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஆயிரம் சி.சி. என்னும் எல்லைக்கோடு

சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம்பெற்ற இவ்விதி 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போதுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆம் பிரிவு அதனையே வலியுறுத்துகிறது. காப்பீடு இன்றி ஓட்டினால் முதல் முறை ரூ. 2,000, மறுமுறை ரூ. 4,000 அபராதம்; சிறைத்தண்டனையும் விதிக்கலாம்.

2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி, தனியார் காருக்கு ஆண்டுக் கட்டணம் எஞ்சின் அளவைப் பொறுத்து மூன்று படிகளாக அமைந்தது. 1,000 சி.சி.க்கு மேற்படாத கார்களுக்கு ரூ. 2,094. அதற்கு மேல் 1,500 சி.சி. வரை ரூ. 3,416. அதற்கும் மேற்பட்டால் ரூ. 7,897. முதற்படிக்கும் கடைசிப் படிக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ நான்கு மடங்கு என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாங்குவோர் பலர் அறியாத செய்தி ஒன்று இங்கே உண்டு. மாருதி வேகன்-ஆர் என்ற ஒரே பெயரில் 998 சி.சி. எஞ்சினும் 1,197 சி.சி. எஞ்சினும் வருகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. மூன்றாம் தரப்புக் கட்டணத்தில் மட்டும் ஆண்டுக்கு ரூ. 1,322 வேறுபடும். ஆல்டோ கே-10 998 சி.சி.; ரெனோ க்விட்டின் ஒரு லிட்டர் எஞ்சின் 999 சி.சி. இவை கோட்டுக்கு உட்பட்டவை. ஸ்விப்ட், டியாகோ, கிராண்ட் ஐ-10 நியோஸ் ஆகியவை 1,200 சி.சி.யை ஒட்டியவை, ஆதலால் இரண்டாம் படி. பழைய குவாலிஸ் போன்ற பெரிய டீசல் வண்டிகள் 2,000 சி.சி.க்கும் மேல், அவை மூன்றாம் படி. நம் தாத்தாக்கள் காலத்து அம்பாசிடரின் 1,489 சி.சி. எஞ்சின் இரண்டாம் படிக்குள் மயிரிழையில் அடங்கும். 1983இல் வெளிவந்து 2014இல் உற்பத்தி நின்ற மாருதி 800க்கு 796 சி.சி.தான், அது என்றும் முதற்படியில் இருந்த வண்டி.

சி.சி. குறைவு என்பதனால் வண்டி சாதுவானது என்று எண்ணிவிடலாகாது. 998 சி.சி. எஞ்சினில் டர்போ பொருத்தி 1,500 சி.சி. வண்டியின் வேகத்தைத் தரும் மாடல்கள் இப்போது பல உள்ளன. அரசு அட்டவணை அவற்றையும் முதற்படியிலேயே வைக்கிறது. கட்டணம் குறைவுதான், கற்றுக்கொள்பவர் காலடியில் வைக்கத் தக்க வண்டியா என்பது வேறு கேள்வி. மின்சாரக் கார்களுக்கு சி.சி. இல்லாமையால் கிலோவாட் கணக்கு. அதே அறிவிப்பில் 30 கிலோவாட் வரை ரூ. 1,780, அதற்கு மேல் 65 கிலோவாட் வரை ரூ. 2,904. இது பெட்ரோல் வண்டியை விடக் குறைவே. ஆனால் பேட்டரியின் விலையால் வண்டியின் மதிப்பு உயர்ந்து, அடுத்து நாம் பார்க்கப் போகும் பகுதியில் அந்த மிச்சம் கரைந்துவிடுகிறது.

வண்டியின் மதிப்பும் கட்டணமும்

'புல் இன்சூரன்ஸ்' என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் முழுக் காப்பீட்டில், மூன்றாம் தரப்புப் பகுதியோடு நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியும் சேர்கிறது. இந்த இரண்டாம் பகுதிக்கு அரசுக் கட்டணம் இல்லை. 2002ஆம் ஆண்டின் அகில இந்தியக் கட்டண அட்டவணை 2007 ஜனவரி 1 வரை இதற்கும் கட்டாயமாக இருந்தது. பின்னர் நிறுவனங்களுக்குச் சுதந்திரம் தரப்பட்டது. ஆயினும் அந்தப் பழைய அட்டவணையை அடியாக வைத்து அதன்மேல் தள்ளுபடி கொடுக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. எனவே ஒப்பிட்டுப் பார்க்க அதுவே நமக்கு நல்ல அளவுகோல்.

அந்த அட்டவணை நான்கைப் பார்க்கிறது: எஞ்சின் அளவு, வண்டியின் வயது, பதிவு செய்த இடம், ஐ.டி.வி. எனப்படும் அறிவிக்கப்பட்ட மதிப்பு. புதிய வண்டியின் விலையிலிருந்து தேய்மானம் கழித்தது ஐ.டி.வி. ஓராண்டு கடந்தால் 20 விழுக்காடு, இரண்டாண்டு கடந்தால் 30, மூன்றாண்டு கடந்தால் 40, நான்காண்டு கடந்தால் 50 என்று கழியும். ஐந்தாண்டுக்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. இடத்தைப் பொறுத்தவரை சென்னை, மும்பை முதலிய எட்டு நகரங்கள் முதல் மண்டலம். ஏனைய நாடு முழுவதும் இரண்டாம் மண்டலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பதிவாகும் நம் வண்டிகள் இரண்டாம் மண்டலத்தைச் சேர்ந்தவை. சென்னைவாசியை விட நமக்கு இதனால் கிடைக்கும் சலுகை, இரண்டரை லட்ச ரூபாய்ச் சிறு காருக்கு ரூ. 220. அரைக் கிலோ பால்கோவாவுக்கு உதவும்.

மூன்று வண்டிகளை எடுத்துக் கணக்கிட்டேன். முதலாவது, நான்காண்டு ஓடிய 998 சி.சி. கார், மதிப்பு ரூ. 2,50,000. அட்டவணை வீதம் 3.039 விழுக்காடு. சொந்தச் சேதப் பகுதி ரூ. 7,597, மூன்றாம் தரப்பு ரூ. 2,094, இரண்டின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.; ஆக மொத்தம் சுமார் ரூ. 11,436. இரண்டாவது, புதிதாக வந்த 1,197 சி.சி. கார், மதிப்பு ரூ. 5,00,000. வீதம் 3.191 விழுக்காடு. ரூ. 15,955உம் ரூ. 3,416உம் வரியும் சேர்ந்து ரூ. 22,858. மூன்றாவது, அப்பா ஆசைப்பட்டது: பத்தாண்டு கடந்த பெரிய டீசல் வண்டி, மதிப்பு அதே ரூ. 2,50,000. வீதம் 3.594 விழுக்காடு. ரூ. 8,985உம் ரூ. 7,897உம் வரியும் சேர்ந்து ரூ. 19,921.

'பெரிய வண்டி, இரும்பு உடம்பு. இடிச்சாலும் தாங்கும்' என்பது அப்பாவின் வாதம். விலை ஒன்றாகவே இருக்க, ஆண்டுக்கு எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடுதல் என்று கண்டதும் அவர் சற்று யோசித்தார். தள்ளுபடி கிடைக்கும்போது தொகைகள் குறையும்; மூன்றின் வரிசை மட்டும் பெரும்பாலும் மாறாது. உதிரிக் கட்டணங்களை நான் இதில் சேர்க்கவில்லை.

மதிப்பைக் குறைத்து எழுதிப் பிரிமியத்தைக் குறைக்கலாம் என்று சில முகவர்கள் யோசனை சொல்வதுண்டு. வண்டி களவு போனாலோ முற்றும் நொறுங்கினாலோ கிடைப்பது அந்தக் குறைத்த தொகைதான்.

'போலீஸ் கேட்டால் காட்டத்தானே!'

கணக்கைப் பார்த்த அப்பா அடுத்த கேள்வியைப் போட்டார். 'ஏப்பா, பழைய வண்டிக்கு எதுக்கு புல் இன்சூரன்ஸ்? தேர்டு பார்ட்டி மட்டும் போட்டா ரெண்டாயிரத்து நானூத்துச் சில்லறையோட முடிஞ்சுபோகுமே. போலீஸ் கேட்டா காட்டத்தானே!' நம் ஊரில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி இதுவே. இதற்கு விடை சொல்லும் இடத்தில்தான் இந்தப் பாடத்தின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து.

மூன்றாம் தரப்பு என்பவர் யார்? பாலிசி எடுத்தவர் முதல் தரப்பு, நிறுவனம் இரண்டாம் தரப்பு. வண்டியால் பாதிக்கப்படும் வெளியார் மூன்றாம் தரப்பு. சாலையில் நடந்து போகிறவர், எதிரே சைக்கிளில் வருபவர், மற்றொரு வண்டியில் இருப்பவர் ஆகியோர் இதில் அடங்குவர். நம் காரின் பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் அப்பத்தா? தனியார் காரில் கட்டணமின்றிப் பயணம் செய்பவருக்குச் சட்டத்துக்கு மட்டும் எடுத்த பாலிசி பொறுப்பேற்பதில்லை. முழுக் காப்பீடு பொறுப்பேற்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதனை 2009ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. 2012ஆம் ஆண்டு நேஷனல் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் பாலகிருஷ்ணன் என்பாருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றமும் இவ்வேறுபாட்டை எடுத்துக் கூறியது. ஆகவே பழைய வண்டியாயிற்றே என்று நாம் மிச்சம் பிடிக்க நினைக்கும் தொகை, வண்டியின் தகரத்துக்கு மட்டும் உரியதன்று. உள்ளே அமரும் நம் வீட்டாருக்கும் உரியது. கற்றுக்குட்டி ஓட்டும் வண்டியில் அமர்பவர்கள் பெரும்பாலும் வீட்டாரே என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.

ஓட்டும் பிள்ளையின் நிலை இன்னும் நுட்பமானது. தன் தவறினாலேயே விபத்து நேர்ந்தால் அவர் மூன்றாம் தரப்பு ஆகார். உரிமையாளரும் ஆகார். ரூ. 15 லட்சத்துக்குக் கட்டாயமாக எடுக்கும் தனிநபர் விபத்துக் காப்பு, ஆர்.சி. புத்தகத்தில் பெயருள்ள, உரிமம் பெற்ற உரிமையாளருக்கே உரியது. அவர் ஓட்டும்போதும், இணை ஓட்டுநராக அருகில் அமரும்போதும் அது துணைநிற்கும். பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொடுக்கும் அப்பாவுக்குக் காப்பு உண்டு. ஓட்டும் மகளுக்கு இல்லை! சிறு கூடுதல் கட்டணம் செலுத்தி, பெயர் குறிப்பிட்டுத் தனிநபர் விபத்துக் காப்புச் சேர்க்கும் வசதி இருக்கிறது. முகவர்கள் இதனைத் தாமாகச் சொல்வது குறைவு. கேட்டு வாங்க வேண்டும்.

எல் போர்டும் அருகில் அமர்பவரும்

கற்கும் காலத்தில் பாலிசி செல்லுமா என்று வகுப்புத் தோழர்கள் பலர் என்னைக் கேட்டனர். செல்லும். தனியார் கார் பாலிசியில் 'ஓட்டுநர் பற்றிய நிபந்தனை' என்று ஒரு பத்தி உண்டு. முறையான உரிமம் உடைய எவரும் ஓட்டலாம்; பழகுநர் உரிமம் உடையவரும் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 3ஆம் விதிப்படி நடந்தால் ஓட்டலாம் என்று அது சொல்கிறது. 2004ஆம் ஆண்டு சுவரண் சிங் வழக்கில், பழகுநர் உரிமமும் உரிமமே என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது.

3ஆம் விதி கேட்பது என்ன? உரிமம் பெற்ற ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும் வகையில் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பரப்பில் சிவப்பு நிற 'எல்' எழுத்து வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர்ச் சதுரத்துக்குக் குறையாமலும், எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்தில் வடம் பிடிப்போரை எல்லோரும் பார்க்கிறோம். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை வைத்துத் தேரை நிறுத்தவும் திருப்பவும் செய்கிறவர்களைச் சிலரே கவனிக்கிறோம். அருகில் அமர்பவரின் வேலை அத்தகையது. எனவே வண்டி தேர்ந்தெடுக்கும்போது, ஹேண்ட் பிரேக் இரு முன் இருக்கைகளுக்கும் நடுவே, இடப்பக்கம் இருப்பவர் கைக்கு எட்டும்படி இருக்கிறதா என்று பார்ப்பது நன்று. சில புதிய மாடல்களில் அது பொத்தானாக மாறிவிட்டது. அவசரத்துக்குப் பிடித்து இழுக்க ஒன்றும் இராது.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் கழிந்த பின்னரே தேர்வுக்குச் செல்லலாம். அந்த முதல் முப்பது நாளையும் ஓட்டுநர் பள்ளியின் வண்டியில் கழிப்பதே சிக்கனம் என்று நான் சொல்வேன். அங்கே ஆசிரியர் காலடியிலும் பிரேக், கிளட்ச் இருக்கும். முதல் மாதக் கிளட்ச் தேய்மானமும் அவர்கள் கணக்கில்.

பதினேழு வயதின் விலை

நம் கல்லூரியில் முதலாண்டு சேர்வோரில் பலர் 17 வயதினர். அவர்களில் சிலர் வீட்டுக் காரைத் தோப்பு வரையில், ஊர் எல்லை வரையில் ஓட்டிப் பழகுவதை நாம் அறிவோம். கட்டணத்தில் வயதைக் கேட்காத சட்டம் வயதைக் கேட்கும் இடம் இதுதான். 18 நிரம்பாதவருக்குக் காருக்கான பழகுநர் உரிமமே கிடையாது. உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் நிறுவனம் என்ன செய்யும்? பாதிக்கப்பட்டவரைத் தெருவில் விட்டுவிடக் கூடாது என்பதற்காக, முதலில் நிறுவனம் இழப்பீட்டைக் கட்ட வேண்டும், பின்னர் அத்தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. 2011ஆம் ஆண்டு ஜவஹர் சிங் வழக்கில் சிறுவன் ஒருவன் உறவினரின் மோட்டார் சைக்கிளை எடுத்துச் சென்று விபத்து நேர்ந்தது; உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அத்தொகை எவ்வளவு இருக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். ராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றில் மாதம் ரூ. 15,000 ஊதியம் பெறும் 28 வயதுத் தொழிலாளி ஒருவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மனைவியும் இரு குழந்தைகளும் அவரை நம்பி இருப்பவர்கள். ஆண்டு வருமானம் ரூ. 1,80,000. வருங்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்க்க ரூ. 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கு கழிக்க ரூ. 1,68,000. 26 முதல் 30 வயது வரை பெருக்கும் எண் 17. வருவது ரூ. 28,56,000. 2009ஆம் ஆண்டு சரளா வர்மா, 2017ஆம் ஆண்டு பிரணய் சேத்தி ஆகிய வழக்குகளில் வகுக்கப்பட்ட முறை இது. ஈமச் செலவு முதலியவை தனி. இத்தொகை ஒரு குடும்பத்துக்கு நியாயமாகச் சேர வேண்டியது என்பதில் ஐயமில்லை. அதைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்பதா, நம் வீட்டின் பத்திரம் ஏற்பதா என்பதே கேள்வி.

இது இழப்பீடு மட்டுமே. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த 199-ஏ பிரிவின்படி, சிறுவர் செய்யும் குற்றத்துக்குப் பாதுகாவலரோ உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் ஏற்க நேரும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. ஒன்பது மாதம் பொறுக்க மாட்டாதவர் எட்டு ஆண்டு பொறுக்க வேண்டி வரும்.

சிராய்ப்புக் கணக்கு

கற்கிறவர் கையில் வண்டி சிராய்ப்புப் படாமல் இராது. ஒவ்வொரு சிராய்ப்புக்கும் காப்பீடு கோருவது நட்டம் என்பதைக் கீழ்வரும் கணக்கு காட்டும். நாம் முன்பு பார்த்த முதல் வண்டியையே எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் ஐந்தாண்டு கோரிக்கை எதுவும் வைக்காமல் 50 விழுக்காடு 'நோ கிளெய்ம் போனஸ்' பெற்றிருக்கிறார். எனவே ரூ. 7,597க்குப் பதிலாக ரூ. 3,799 கட்டுகிறார். பிள்ளை வாசல் தூணில் பம்பரை உடைத்துவிட்டது. புதிய பம்பர் ரூ. 3,000 என்போம். பிளாஸ்டிக் பொருளுக்குத் தேய்மானம் பாதி; மீதி ரூ. 1,500. கட்டாயக் கழிவு ரூ. 1,000. நிறுவனம் தருவது ரூ. 500! இந்த ஐந்நூறைப் பெற்றதும் போனஸ் சுழியத்துக்கு இறங்கிவிடும். மறுபடி 20, 25, 35, 45, 50 என்று ஏற ஐந்து ஆண்டுகள் ஆகும். இடைப்பட்ட காலத்து இழப்பைக் கூட்டினால் ரூ. 9,497. வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்குவதால் அது சற்றுக் குறையலாம், அவ்வளவே.

பெரிய சேதத்துக்குக் காப்பீடு, சிறு சேதத்துக்கு டிங்கர் கடை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வோர், நாமே ஏற்கும் கழிவுத் தொகையை உயர்த்திக் கொண்டு கட்டணத்தில் தள்ளுபடியும் பெறலாம். அதற்கும் உச்சவரம்பு உண்டு. பழைய அட்டவணைப்படி ரூ. 2,500 கழிவை ஏற்றால் 20 விழுக்காடு, ஆனால் ரூ. 750க்கு மேல் இல்லை. வண்டி மாதம் இருமுறை மதுரைக்குச் சென்று வருவதோடு சரி என்றால், ஓடும் தூரத்துக்கேற்பக் கட்டும் பாலிசியை 2022 முதல் ஆணையம் அனுமதித்துள்ளது. அதையும் விசாரிக்கலாம்.

பழைய வண்டியும் பெயர் மாற்றமும்

புதிய கார் வாங்கினால் மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் கட்டணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும். இது 2018 செப்டம்பர் 1 முதல் வந்த ஏற்பாடு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் பயன் அது. தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவர் தொடுத்த வழக்கு நாடெங்கும் கார் வாங்குவோரின் ரசீதை மாற்றியிருப்பது நம்மிற் பலர் அறியாத செய்தி.

பழைய வண்டி வாங்குவோருக்கு அந்தச் சுமை இல்லை. வேறு கவலை உண்டு. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிடில் நம் வண்டியின் சேதத்துக்குக் கோரிக்கை வைக்க இயலாமல் போகும். விற்றவருக்கும் இதில் அக்கறை வேண்டும். பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018ஆம் ஆண்டு நவீன் குமார் வழக்கில் தீர்ப்பு உள்ளது. வாங்குபவருக்கு விற்றவரின் போனஸ் வாராது. போனஸ் வண்டியோடு ஒட்டியதன்று, மனிதரோடு ஒட்டியது. தம் பழைய வண்டியை விற்றவர் அந்தச் சான்றை வாங்கி வைத்திருந்தால் மூன்றாண்டுக்குள் வேறு வண்டிக்குப் பயன்படுத்தலாம். முன்பு கோரிக்கை வைத்ததை மறைத்துப் போனஸ் கேட்பது, நம் பாடநூலில் உள்ள மிக்க நன்னம்பிக்கைக் கோட்பாட்டுக்கு மாறானது. கோரிக்கை தள்ளுபடியாக அதுவே காரணமாகும்.

இன்னும் ஒரு வரம்பை நான் வைத்துக்கொண்டேன். 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக்கும், அவ்வாண்டு ஜூலை முதல் ஓட்டுநர் பக்கக் காற்றுப்பையும் கார்களுக்குக் கட்டாயமாயின. முன் இருக்கையில் அருகில் அமர்பவருக்கான காற்றுப்பை 2021இல் கட்டாயமானது. கற்றுக்கொடுப்பவர் அமரும் இருக்கை அதுவாதலால், 2022ஆம் ஆண்டிலோ அதன் பின்னரோ தயாரான வண்டிகளை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். இதனால் விலை சற்றுக் கூடியது. அப்பாவின் டீசல் வண்டி பட்டியலிலிருந்தே விழுந்துவிட்டது.

முடிவில் நாங்கள் வாங்கியது 2022இல் தயாரான 998 சி.சி. கார்; டர்போ இல்லாதது. அப்பா பெயரில் பதிவு மாற்றம், முழுக் காப்பீடு, தங்கை பெயரைக் குறிப்பிட்டுத் தனிநபர் விபத்துக் காப்பு. ஆர்.சி. தன் பெயரில் இருக்க வேண்டும் என்று தங்கை வாதாடினாள். நிலையான உரிமம் அவள் கைக்கு வந்த பிறகு அதைப் பேசலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்போது உரிமையாளருக்கான பதினைந்து லட்ச ரூபாய்க் காப்பு அவளுக்கு மாறும். அப்பா இனிச் சேர்க்கும் போனஸ் அவரிடமே நிற்கும். எது மிச்சம் என்று அந்தக் கணக்கையும் இப்போதே போட்டு வைக்கும்படி எனக்கு உத்தரவு.